எடை குறைக்க வார ஊசி: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், செமாக்ளூட்டைடு ஊசி 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து நாலு வாரம் முடிந்துவிட்டது. ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் 1 மில்லிகிராம் போட்டுக்கொண்டு மளமளவென்று இளைத்துவிட்டார். நானும் நேரே 1-க்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். 0.25 மில்லிகிராம், எடை குறைப்பதற்கான அளவே அல்ல. வயிறு மருந்துக்குப் பழகுவதற்காகக் கொடுப்பது. அதில் ஒரு கிலோ இறங்கியிருந்தால் அது உபரி லாபம்.

செமாக்ளூட்டைடின் அரை ஆயுள் சுமார் ஒரு வாரம். இன்று போட்டதில் பாதி, அடுத்த ஊசி நாளிலும் உடம்பில் இருக்கும். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று சேர்ந்து, இரத்தத்தில் அளவு நிலைக்கு வர நான்கைந்து வாரம் பிடிக்கும். அதற்குள் நான்கு மடங்கு அளவுக்குத் தாவினால், குமட்டலும் வாந்தியும் வாட்டி எடுக்கும். மாத்திரை என்றால் மறுநாள் நிறுத்திவிடலாம். தோலுக்கடியில் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. அது தானாக இறங்கும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

வழக்கமான படிகள் இவை: செமாக்ளூட்டைடு வாரம் ஒருமுறை 0.25, 0.5, 1, 1.7, 2.4 மில்லிகிராம், ஒவ்வொன்றிலும் நான்கு வாரம். டிர்செபடைடும் வார ஊசிதான், 2.5-ல் தொடங்கி, நான்கு வாரத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு 2.5 வீதம் ஏற்றுவார்கள், உச்சம் 15. லிராக்ளூட்டைடு தினசரி ஊசி, 0.6-ல் தொடங்கி வாரத்துக்கு 0.6 கூட்டி 3 வரை. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள். டிர்செபடைடு 5 என்பதால் அது செமாக்ளூட்டைடு 2.4-ஐப் போல் இரண்டு மடங்கு வீரியம் என்று ஆகாது.

உச்சப் படிக்கு ஏறியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நடுப்படியிலேயே பசி அடங்கி, எடையும் இறங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே இருக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எவ்வளவு குறையும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2021-ல் வெளியான ஆய்வில், செமாக்ளூட்டைடு 2.4 போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்து கலக்காத ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். 2022-ல் வெளியான டிர்செபடைடு ஆய்வில், 15 மில்லிகிராம் போட்டவர்களுக்கு 72 வாரத்தில் 20.9 சதவீதம். 68 வாரம், 72 வாரம் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இப்போதுதான் நாலாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.

கேள்வி: ஊசியை வெளியே எடுத்ததும் தோலில் மருந்து வழிகிறது. அந்த வார மருந்து வீணா? இன்னொன்று போடலாமா?

பதில்: ஒரு சொட்டு, இரண்டு சொட்டு நிற்பது சகஜம். தாரையாக வழிந்தால் ஊசியைச் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எது எப்படியானாலும் அதே வாரம் இன்னொரு ஊசி போட்டு ஈடுகட்டாதீர்கள். உள்ளே எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது, இரட்டை அளவாகிவிடும்.

அளவைத் திருகி வைக்கும் பேனா என்றால் முறை இது. ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை மாட்டுங்கள். முனையில் ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும்வரை சோதனை அழுத்தம் கொடுங்கள். சில பேனாக்களுக்குப் புதிதாகத் திறக்கும்போது மட்டும் இது போதும், சிலவற்றுக்கு ஒவ்வொரு முறையும் வேண்டும்; பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். பிறகு அளவைத் திருகி, ஊசியை நேராகச் செருகி, பொத்தானை அழுத்துங்கள். எண் 0 ஆனதும் எடுத்துவிடுகிறார்கள், தப்பு அங்கேதான் நடக்கிறது. பொத்தானை விடாமல் அழுத்தியபடியே செமாக்ளூட்டைடு பேனாவுக்கு நிதானமாக ஆறு எண்ணுங்கள். பலர் ஆறை இரண்டே நொடியில் எண்ணி முடித்துவிடுகிறார்கள்!

ஒருமுறை மட்டும் பயன்படும் தானியங்கிப் பேனா என்றால், தோலோடு அழுத்திப் பிடித்த கை தளரக் கூடாது. கடைசி 'க்ளிக்' வந்து, பேனாவில் இருக்கும் சிறு சன்னலில் அசைவு நின்று, முடிந்ததற்கான நிற அடையாளம் தெரிந்த பிறகே எடுக்க வேண்டும்.

இடம்: தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர் விட்டு வயிறு, தொடையின் முன்பக்கம், மேற்கையின் பின்புறம். கைக்கு இன்னொருவர் போட்டுவிடுவது நல்லது. போன வாரம் போட்ட புள்ளியிலேயே மறுபடி போடாதீர்கள். ஸ்பிரிட் தடவினால் காயவிட்டுப் போடுங்கள்; ஈரத்தோடு போட்டால் எரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியில் வைத்தால் வலி குறையும்.

முடிந்ததும் ஊசிமுனையைக் கழற்றி, குத்தாத கெட்டியான டப்பாவில் போடுங்கள். முனையோடு பேனாவை வைத்தால் மருந்து கசியும், காற்றுக்குமிழி ஏறும், அடுத்த முறை அடைத்துக்கொள்ளும். முனையை மாற்றினாலும் ஒரே பேனாவை இருவர் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் பேனாவுக்குள் திரும்பியிருக்கலாம். கணவன் மனைவியானாலும் இதே விதிதான்.

கேள்வி: என் மருந்து பேனாவில் இல்லை, சிறு குப்பியில் வருகிறது. "10 யூனிட்" என்று சீட்டில் இருக்கிறது. அது எத்தனை மில்லிகிராம்?

பதில்: குப்பியின் செறிவு தெரியாமல் இதற்கு விடையே கிடையாது. யூனிட் என்பது இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் கோடு. 100 யூனிட் சிரிஞ்சில் 100 கோடு சேர்ந்தால் 1 மில்லி லிட்டர். 10 கோடு என்றால் 0.1 மில்லி லிட்டர். குப்பியில் மில்லி லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் இருந்தால் அது 0.25 மில்லிகிராம். மில்லி லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் அதே 10 கோடு 0.5 மில்லிகிராம் ஆகிவிடும். அடுத்த மாதம் வேறு செறிவில் குப்பி வந்து, நீங்கள் பழைய கோட்டிலேயே எடுத்தால் அளவு இரட்டித்துவிடும். இப்படிப் பத்து மடங்குவரை தவறாகப் போட்டுக்கொண்டு மருத்துவமனை போனவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-ல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது.

சீட்டில் மில்லிகிராம், மில்லி லிட்டர், யூனிட் மூன்றையும் எழுதி வாங்குங்கள். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற சீட்டோடு தூளாக வருவதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, கிருமி நீக்கியதா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: ஊசி போட்ட மறுநாள் தொடங்கி மூன்று நாள் குமட்டல். நாலு நாளுக்கு ஒருமுறைதான் மலம் போகிறது. பொறுத்துக்கொள்வதா, நிறுத்துவதா?

பதில்: இந்த மருந்து இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, மூளைக்கும் "போதும்" என்று சொல்கிறது. பழைய அளவிலேயே சாப்பிட்டால், உணவு இரைப்பையில் தேங்கிக் குமட்டும். எண்ணெய் அதிகமான உணவு வேறு சேர்ந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே தட்டைப் பாதியாக்குங்கள். மெதுவாகச் சாப்பிட்டு, நிறைந்த உணர்வு தலைகாட்டியதுமே எழுந்துவிடுங்கள். "இன்னும் ஒரு வாய்" என்பதில்தான் வாந்தி வருகிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள். ஊசி போட்ட பிறகு வரும் இரண்டு நாட்களில் விருந்து வேண்டாம்.

மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம் குடல். மீதி, சாப்பாடு குறையும்போது தண்ணீரும் சேர்ந்து குறைந்துவிடுவது. தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் குடியுங்கள். நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் ஏற்றினால் இன்னும் இறுகும். அதற்கும் அசையவில்லை என்றால், குடலுக்குள் நீரை இழுக்கும் மலமிளக்கி எதுவென்று மருத்துவரிடம் கேட்டு எடுங்கள்.

இந்த நிலையில் அடுத்த படிக்கு ஏறாதீர்கள். இப்போதிருக்கும் படியிலேயே இன்னும் நான்கு வாரம் நிற்பதும், ஒரு படி இறங்குவதும் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

சில அறிகுறிகளுக்குப் பொறுமை கூடாது. மேல்வயிற்றில் விடாத கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளாவது என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எடை வேகமாக இறங்கினாலே கல் உருவாக வாய்ப்பு கூடும். குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தியாகி, சிறுநீர் குறைந்துவிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இந்த மூன்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், ஊசி தொடங்கும்போதே அவற்றின் அளவைக் குறைப்பது பற்றிப் பேசிவிடுங்கள். இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

கேள்வி: ஞாயிறு போட வேண்டியதை மறந்துவிட்டேன். புதன்கிழமைதான் ஞாபகம் வந்தது. பேனாவும் ஒரு இரவு முழுக்க வெளியிலேயே இருந்துவிட்டது.

பதில்: எடை குறைப்புக்கான செமாக்ளூட்டைடு என்றால், அடுத்த ஊசி நாளுக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம். புதனிலிருந்து ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கிறதே, போடலாம். டிர்செபடைடில், தவறிய நாளிலிருந்து நாலு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்காதீர்கள். பழக்கம் விட்ட வயிறு, முதல் நாள் போலவே எதிர்க்கும். மருத்துவர் கீழ்ப் படியிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.

பேனா: 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியது. 30 டிகிரிக்குள் சில வாரம் வெளியில் தாங்கும். எத்தனை நாள் என்பது பேனாவுக்குப் பேனா மாறும். ஒரு இரவால் கெடாது. வெயிலில் நின்ற காருக்குள் இருந்தது என்றால் கதை வேறு, தூக்கிப் போடுங்கள். அதைவிட அதிகம் நடப்பது எதிர்ப்பக்கத் தவறு: உறைபெட்டியை ஒட்டி வைத்து மருந்து உறைந்துவிடுவது. உறைந்து உருகியது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: ஐந்து மாதத்தில் 14 கிலோ போனது சந்தோஷம். ஆனால் முடி கொத்தாகக் கொட்டுகிறது, படி ஏறினால் கால் தளர்கிறது.

பதில்: முடி கொட்டுவது வேகமான எடை இழப்பின் எதிரொலி. இரண்டு, மூன்று மாதம் கழித்துத் தொடங்கும். எடை நிலைத்ததும் பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பி வளரும். இரும்புச்சத்தையும் தைராய்டையும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

கால் தளர்வதைத்தான் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வோம். குறைகிற எடை முழுக்கக் கொழுப்பு அல்ல. கால் பங்கோ அதற்கு மேலோ தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதியிலிருந்து போகும். பசி இல்லாதபோது முதலில் விட்டுப்போவது புரதம். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.5 கிராம் வரை தினமும் வேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்டு மட்டும். தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், மீதிக்கு இடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. வாரம் இரண்டு முறையாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காப்பாற்றாது.

கேள்வி: நினைத்த எடை வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தலாம். ஆனால் பசி திரும்பி வரும். செமாக்ளூட்டைடு ஆய்வில் 68 வாரத்துக்குப் பிறகு நிறுத்தியவர்களுக்கு, ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மன உறுதி குறைந்ததால் வந்தது என்று எண்ணாதீர்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு ஏறுவதைப் போன்றதே இது. நிறுத்துவது, குறைந்த அளவில் தொடர்வது என்று எதை எடுத்தாலும் முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மூன்று கிலோ ஏறினாலே பேச வாருங்கள், பத்து ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: அடுத்த வருடம் குழந்தைக்கு முயலலாம் என்றிருக்கிறோம். ஊசி போடலாமா?

பதில்: முயலத் தொடங்கும் முன் செமாக்ளூட்டைடை இரண்டு மாதம், டிர்செபடைடைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இப்போது கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா? டிர்செபடைடு அதன் உறிஞ்சலைக் குறைக்கும். தொடங்கிய முதல் நான்கு வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடை குறையும்போது கருமுட்டை வெளிவருவது சீராகி, எதிர்பாராமல் கரு தரிப்பதும் உண்டு.

கேள்வி: யாருக்கு இந்த ஊசி அறவே கூடாது? எனக்கு அடுத்த மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது.

பதில்: உங்களுக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருந்தால் கூடாது. முன்பு கணைய அழற்சி வந்தவர்கள் தாமாகத் தொடங்கவே கூடாது. அறுவைக்கு, மயக்க மருந்து கொடுப்பவரிடம் கடைசி ஊசி எந்தத் தேதியில், எத்தனை மில்லிகிராம் என்று சொல்லுங்கள். இரவு முழுக்கப் பட்டினி இருந்தாலும் உங்கள் இரைப்பையில் உணவு மிச்சமிருக்கலாம்; மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடக் கூடும். ஒரு வாரம் நிறுத்துவதா, முதல் நாள் நீராகாரம் மட்டும் எடுப்பதா என்பதை அவர் சொல்வார். இதை அறுவை நாள் காலையில் சொல்லாமல், தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.