கேள்வி பதில்: காலடியில் நகரும் பாறை

பூமியின் மையம் 6,371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பார்த்ததில்லை. மேலோடு, கவசம், கரு என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?
– வாசகர், திருச்சி

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் துளையிடத் தொடங்கி, 1989-ல் 12,262 மீட்டர் ஆழம்வரை போனார்கள். அங்கே 100 டிகிரி இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். இருந்ததோ 180 டிகிரி செல்சியஸ். பாறை இளகித் துளைக்குள் நெருக்கிக்கொண்டு வந்ததால் மேற்கொண்டு போக முடியவில்லை. அத்தனை பாடுபட்டும் மேலோட்டைக்கூடத் தாண்டவில்லை.

உள்ளே புகுந்து சேதி கொண்டுவருபவை நிலநடுக்க அலைகள்தாம். பி அலை பாறையை அழுத்தியும் விரித்தும் போகும், திரவத்தையும் கடக்கும். எஸ் அலை குறுக்கே அசைத்துக்கொண்டு போகும். திரவத்தில் அதற்கு வழியில்லை. 1909-ல் குரோஷியாவில் மொஹரோவிசிச், ஒரே நிலநடுக்கத்தின் பி அலை சில நிலையங்களுக்கு இரண்டு முறை வந்து சேர்ந்ததைக் கவனித்தார். ஒன்று மேலோட்டுக்குள்ளேயே வந்தது. மற்றொன்று கீழே அடர்ந்த பாறையில் இறங்கி, வேகமெடுத்து, மறுபடி மேலேறி வந்தது. மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லை அப்படித்தான் பிடிபட்டது. கடலுக்கடியில் அது 6, 7 கி.மீ. ஆழத்திலேயே வந்துவிடும். கண்டங்களுக்கடியில் சராசரியாக 35 முதல் 40 கி.மீ.; திபெத்துக்குக் கீழே சுமார் 70 கி.மீ.

நடுக்கம் நிகழ்ந்த இடத்திலிருந்து, பூமியின் மையத்தில் அளக்கும் கோணம் சுமார் 104 டிகிரியைத் தாண்டினால் எஸ் அலை நேராக வந்து சேர்வதே இல்லை. ஆகவே 2,890 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் வெளிக்கரு திரவம். பி அலையும் சுமார் 140 டிகிரிவரை மறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய பி அலைகள் பதிவாகியிருந்தன. பலர் பார்த்தும் விட்டுவிட்ட அந்தக் கீறல்களை டென்மார்க்கின் இங்கே லேமன் விடவில்லை. திரவத்துக்கு நடுவே இன்னொரு உருண்டை இருந்து அலையைத் திருப்புகிறது என்று 1936-ல் காட்டினார். அந்த உள்கருவின் ஆரம் சுமார் 1,220 கி.மீ.

பூமியின் உள்ளே முழுக்கக் கொதிக்கும் குழம்பு, அதன்மேல் தட்டுகள் மிதக்கின்றன என்று என் மகளின் புத்தகப் படத்தில் இருக்கிறது. சரியா?
– வாசகி, மதுரை

தவறு. கவசம் முழுவதையும் எஸ் அலை கடந்து போகிறது; அது திடப்பாறை. அங்குள்ள வெப்பத்துக்கு உருகியிருக்க வேண்டியதுதான், மேலிருந்து அமுக்கும் எடை உருக விடுவதில்லை. ஆனாலும் அந்தத் திடப்பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நகர்கிறது, பனியாறு திடமாக இருந்தபடியே மலையிலிருந்து இறங்குவதைப் போல.

குழம்பு உண்டாவது சில இடங்களில்தான். நடுக்கடல் மலைத்தொடர்களில் கவசப்பாறை மேலேறும்போது அழுத்தம் தளர்ந்து உருகுகிறது. ஒரு தட்டு (பூமியின் மேற்புறத்தை ஆக்கும் பெரும் பாறைப் பலகை) இன்னொன்றின் அடியில் அமிழும் இடங்களில், அது இழுத்துச் செல்லும் நீர் கவசத்தில் கசிந்து, பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அந்தமான் கடலில் இன்றும் உயிரோடிருக்கும் பேரன் தீவு (Barren Island) எரிமலை இந்த இரண்டாம் வகை.

இந்தியத் தட்டு இப்போதும் நகர்கிறதா?
– வாசகர், கோவை

ஆம், வடகிழக்காக, ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. அதில் சுமார் 2 செ.மீ. இமயமலை அடிவாரத்தில் நெருக்கமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. அங்கே பெரிய நிலநடுக்கங்கள் வருவது அதனால்தான்.

2004-ல் சுமத்ரா நிலநடுக்கம் எங்கள் ஊரை அழித்தது. 2012 ஏப்ரல் 11 அன்றும் அதே பக்கம் 8.6 அளவில் நடுக்கம், எல்லோரும் ஓடினோம், கடல் வரவில்லை. ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

ஓடியது மிகச் சரி. அடுத்த முறையும் ஓடுங்கள்.

2004-ல் அமிழும் தட்டுக்கும் மேலே உள்ள தட்டுக்கும் இடையிலான பிடி சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்கு விட்டது. கடல்தரை சில மீட்டர் எழும்பி, மேலிருந்த நீர் முழுவதையும் தூக்கியது. 2012 நடுக்கம், தட்டு அமிழத் தொடங்கும் கடலடி அகழிக்கு மேற்கே, அமிழும் தட்டின் உடலுக்குள்ளேயே நிகழ்ந்தது. பாறை பக்கவாட்டில் உரசி நகர்ந்தது. தரை மேலே எழும்பவில்லை, நீரும் பெரிதாகத் தூக்கப்படவில்லை. ஆனால் நடுக்கம் எந்த வகை என்று கணிக்க நேரமாகும். ஆழ்கடலில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் வரும், எச்சரிக்கை முந்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: ‘கடல் உள்வாங்கினால்தான் சுனாமி’ என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். 2004-ல் தாழ்ந்த தரை தாய்லாந்துப் பக்கம் இருந்தது, அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. எழும்பிய தரை நம் பக்கம். நமக்கு முதலில் வந்தது ஏறும் நீர்.

பள்ளித் திட்டப்பணிக்கு நிலநடுக்க மேல்மையத்தை, அதாவது நடுக்கம் பிறந்த இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளியைக் கணக்கிட்டோம். மூன்று நிலையங்களைச் சுற்றி, நடுக்கம்வரையிலான தூரத்தை ஆரமாக வைத்து வரைந்த வட்டங்கள் ஒரு புள்ளியில் வெட்டவில்லை. எங்கே தவறு?
– ஆசிரியை, தஞ்சாவூர்

உங்கள் முறை சரியாகவே இருக்கலாம். மேலோட்டில் பி அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ., எஸ் அலை 3.5 கி.மீ. எனவே இரண்டுக்கும் உள்ள நேர இடைவெளியை 8.4 ஆல் பெருக்கினால் தூரம் வரும். 25 விநாடி என்றால் 210 கி.மீ. ஆனால் அது நடுக்கம் பிறந்த ஆழம்வரையிலான சாய்வுத் தூரம். அதையே தரையில் ஆரமாக வைத்து வரைந்தால் வட்டங்கள் பெரிதாகி, நடுவே ஒரு சிறு முக்கோணப் பரப்பு மிஞ்சும். மேல்மையம் அதற்குள் இருக்கும். முக்கோணம் மிகப் பெரிதானால் எஸ் அலையைப் பிந்தியோ முந்தியோ குறித்திருப்பீர்கள். செங்குத்துப் பதிவில் அது பி அலையின் வாலில் மறைந்துவிடும், கிடைமட்டப் பதிவில் பாருங்கள். நிலையங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் கவலையில்லை, நீங்கள் எடுப்பது ஒரே கடிகாரத்தின் இடைவெளி. சில நூறு கி.மீ.க்கு மேல் இந்த 8.4 உதவாது, அலைகள் கவசத்துக்குள் இறங்கி வேகமெடுத்துவிடும். அதற்குப் பயண நேர அட்டவணை வேண்டும்.