200 நாள் சராசரியை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கி விற்கலாமா?

"விலை 200 நாள் சராசரிக்கு மேலே ஏறினால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. இதில் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

200 நாள் சராசரி என்பது கடைசி 200 வர்த்தக நாள்களின் முடிவு விலைகளின் சராசரி; தினமும் கணக்கிட்டால் வரைபடத்தில் ஒரு கோடாக ஓடும். சந்தை மாதக்கணக்கில் ஒரே திசையில் போனால் தப்பில்லை. விலை அந்தக் கோட்டையே சுற்றிச் சுற்றி வந்தால்தான் வம்பு. அமெரிக்காவின் பெரிய 500 நிறுவனப் பங்குகளைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பாருங்கள். 2020 மார்ச் 2 அன்று 3,090-இல் முடிந்தது. கோட்டுக்கு மேலே, வாங்கியாச்சு. மறுநாள் 3,003, விற்றாச்சு. அடுத்த நாள் 3,130, மறுபடி வாங்கல். மார்ச் 5 அன்று 3,024, மறுபடி விற்பனை. நாலே நாளில் ஏறக்குறைய 6 சதவீதம் காலி. அப்புறம் 2,237 வரை விழுந்தபோது இந்த விதி காப்பாற்றியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் திரும்ப வாங்கச் சொன்னது மே கடைசியில், விற்றதைவிடச் சற்றுக் கூடுதல் விலையில்!

நம் கோலாலம்பூர் சந்தையில் இதோடு செலவும் சேர்ந்துகொள்ளும். புரோக்கர் கமிஷன், 0.1 சதவீத முத்திரை வரி, தீர்வுக் கட்டணம் (clearing fee) எல்லாம் வாங்கும்போதும் உண்டு, விற்கும்போதும் உண்டு. நான் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து, கைப்பேசியில் 2,000 வெள்ளிக்கு இப்படி வாங்கி விற்ற காலத்தில், என் புரோக்கரின் குறைந்தபட்சக் கமிஷன் 8 வெள்ளி. போக வர 16 வெள்ளி, அதாவது 0.8 சதவீதம். டிவிடெண்ட் (நிறுவனம் தரும் லாபப் பங்கு) பெறத் தகுதி தரும் தேதிக்கு முன்பே விற்றுவிட்டு, அது கிடைக்காமல் ஏமாந்ததும் உண்டு.