கூட்டு ஆய்வில் பிறக்கும் மோட்டார் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கோவை கணபதியில் நாங்கள் மூவர் தனித்தனிப் பட்டறைகளில் நீர்மூழ்கி பம்ப்செட் தயாரிக்கிறோம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் ஒன்றை, ஒரு பொறியியல் கல்லூரியுடன் சேர்ந்து உருவாக்க எண்ணுகிறோம். பின்னாளில் அது யாருக்குச் சொந்தமாகும்? மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர் ஒருவர் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: கூட்டு சேரும் உங்கள் முடிவு சரியானது. மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரில் அலுமினியத்துக்குப் பதிலாகத் தாமிரத்தை வார்த்தால் மின் இழப்பு குறையும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகும்போது தாமிரம் உருக 1,080 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் டை எனும் வார்ப்பு அச்சு விரைவில் விரிசல் விடும். அதற்குத் தீர்வு காணும் சோதனைச் செலவை ஒரு பட்டறை தனியாகத் தாங்க முடியாது. கோவை நூற்பாலைகள் ஒன்றுசேர்ந்து 1956-இல் சிட்ரா எனும் ஜவுளி ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கியதற்கும் இத்தகைய தேவையே காரணம்.

இனி உரிமைக்கு வருகிறேன். ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் நீங்கள் மூவரும் கல்லூரியும் சேர்ந்து காப்புரிமை பெற்றால், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு தானாகவே உங்களைக் கட்டுப்படுத்தும். அதன்படி நால்வருக்கும் சமபங்கு. யார் எவ்வளவு பணம் போட்டார், யார் இரவு பகலாக உழைத்தார் என்பது கணக்கில் வராது. ஒவ்வொருவரும் அந்தக் கண்டுபிடிப்பைத் தாமே தயாரித்து விற்கலாம். கிடைக்கும் லாபத்தில் மற்றவர்களுக்குக் கணக்குக் காட்டவோ பங்கு தரவோ வேண்டியதில்லை. ஆகவே உங்களில் விற்பனை வலை பெரிதாக உள்ளவர் சந்தையைப் பிடித்துக்கொண்டால், மற்ற இருவர் சட்டப்படி கேட்க ஒன்றும் இல்லை. ஆனால் வெளியாருக்கு உரிமம் கொடுப்பதற்கும் தம் பங்கை விற்பதற்கும் மற்ற அனைவரின் சம்மதமும் தேவை. ராஜ்கோட்டில் உள்ள ஒரு நிறுவனம் நல்ல விலைக்கு உரிமம் கேட்டாலும், நால்வரில் ஒருவர் மறுத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கல்லூரியோ மோட்டார் தயாரித்து விற்கப் போவதில்லை என்பதால், உரிமத் தொகை ஒன்றே அதற்குரிய வருவாய்; அதற்கும் உங்கள் அனைவரின் சம்மதம் வேண்டும் என்பதால் பேரம் பேசும் இடத்தில் அதன் கை தாழ்ந்தே இருக்கும்.

இவை அனைத்தையும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தால் மாற்றிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. யாருக்கு எத்தனை சதவீதம், யார் எந்த மாநிலத்தில் விற்பது, உரிமம் தரப் பெரும்பான்மை போதுமா, ஒருவர் விலகினால் அவருடைய பங்கு யாருக்கு என்பவற்றைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். மோட்டார் ஓடிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்த ஆபத்து, வாய் திறப்பது. விண்ணப்பம் தாக்கல் செய்யும் முன் கண்காட்சியில் மோட்டாரை வைத்தாலோ, டீலரிடம் விற்றாலோ, பேராசிரியர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாலோ காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். மாணவரின் திட்ட அறிக்கை கல்லூரி நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி அடுக்கப்படுவதும் அதே ஆபத்துதான்; இதை எவரும் கவனிப்பதில்லை. ஆகவே தற்காலிக விண்ணப்பத்தை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு இணையவழி அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். கண்டுபிடிப்பை விளக்கும் முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் உண்டு. ஒரு பெரிய நிறுவனத்தையும் இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

ஆலோசகருக்கு முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டணச் சலுகைக்குச் சான்றாகத் தேவைப்படும் உதயம் எனும் சிறு நிறுவனப் பதிவு முற்றிலும் இலவசம். ஆனால் அரசு இணையதளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் அதற்கே ஆயிரக்கணக்கில் வசூலிக்கின்றன. அமைச்சர்களைத் தெரியும் என்பவரும், மானியத்தில் பத்து சதவீதம் கேட்பவரும், முடிவெடுக்கும் குழுவில் உட்காருவதில்லை. காப்புரிமைச் செலவில் 1 லட்சம் ரூபாய் வரை திரும்பத் தரும் மத்திய அரசுத் திட்டத்திலும் முதலில் உங்கள் கைப்பணம்தான் போகும். பிறகே அது திரும்பும். நான்கு பேர் கூட்டாகச் செய்யும் சோதனைக்கு நேரடியாக உதவ வேண்டிய அரசு அமைப்பு, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக வழிகாட்டுதல்களை வெளியிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். படிவத்தில் சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் செல்லுங்கள். விவரக்குறிப்பை எழுதப் பதிவுபெற்ற காப்புரிமை முகவர் தேவை. அவருடைய கட்டணம் நியாயமானது, அதையும் ரசீது வாங்கிக்கொண்டே கொடுங்கள்.

ஒரு தேதியை மட்டும் முகவரிடம் விட்டுவிடாமல் நீங்களே குறித்து வையுங்கள்: முதல் தாக்கலிலிருந்து 31 மாதங்களுக்குள் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி காப்புரிமை அலுவலகத்திடம் கேட்கும் பரிசோதனைக் கோரிக்கையைத் தனிப் படிவத்தில், தனிக் கட்டணத்துடன் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கருதிவிடுவார்கள்.