முக்திநாத் யாத்திரை: பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்... (கேள்வி-பதில்)

108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம், அதாவது நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் உள்ள முக்திநாத், பற்றித்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். பெற்றோரை அனுப்பி வைக்கும் பிள்ளைகளும், குழுவாகக் கிளம்பும் பெரியவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 64. போக்ராவிலிருந்து முக்திநாத் பக்கத்தில் உள்ள ஜோம்சோமுக்கு விமானத்தில் போய் வரும் 7 நாள் பேக்கேஜ் பேசியிருக்கிறோம். "வானிலையால் விமானம் ரத்தானால் நிறுவனம் பொறுப்பல்ல" என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? (திருச்சி வாசகர்)

அந்த ஒரு வரியோடு நின்றால் போடாதீர்கள். வானிலைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது, சரி. ஆனால் பறக்காத விமானத்தின் டிக்கெட் காசு யாரிடம் இருக்கும் என்பதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஜோம்சோம் விமானம் ரத்தாவது அபூர்வமான விஷயமில்லை. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே பலத்த காற்று எழும்பிவிடும். அதனால் சிறிய விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. காலையில் மேகம் மூடிவிட்டால் அன்றைய நாள் போயிற்று. இதே வழித்தடத்தில் 2022 மே 29 அன்று ஒரு விமானம் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். நேபாள விமான நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2013-லேயே தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. விமானி பறக்க மாட்டேன் என்றால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று யாரும் நெருக்கக் கூடாது.

விமானம் இல்லையென்றால் ஜீப்பில்தான் போக வேண்டும். பேனி, தாத்தோபானி, காஸா வழியாக 150 கிலோமீட்டர் சொச்சம். பகல் முழுவதும் பிடிக்கும். விமானம் ரத்தான அன்று எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் ஜீப் தேடுவதால் வாடகை ஏறிவிடும். ஆகவே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: விமானக் கட்டணம் எத்தனை நாளில் திரும்பி வரும், ஜீப் வாடகை யார் கணக்கு, கூடுதலாகத் தங்கும் இரவுக்கு யார் பணம்.

இன்னொன்று. உங்கள் 7 நாளில் உபரி நாள் ஒன்றுகூட இல்லை. முக்திநாத் போய் வந்த மறுநாளே காத்மாண்டுவில் விமானம் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் கூட்டச் சொல்லுங்கள். மூன்று நட்சத்திர ஓட்டலை இரண்டு நட்சத்திரமாக இறக்கியாவது அந்த நாட்களை வாங்குங்கள். இந்த யாத்திரையில் நீங்கள் வாங்கும் பொருட்களில் மிக மதிப்புள்ளது அந்த உபரி நாள்தான். அது இல்லாத பேக்கேஜில் டூர் நடத்துபவர் அவசரப்படுவார், ஓட்டுநர் இரவில் ஓட்டுவார், உடம்பு சரியில்லாதவர்களையும் மேலே ஏற்றுவார்கள்.

எனக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. "பச்சைக் கற்பூரத்தை முகர்ந்துகொண்டே போனால் மூச்சுத் திணறாது, எங்கள் குழுவில் 80 வயதுக்காரர்கள்கூட வருகிறார்கள்" என்கிறார் டூர் நடத்துபவர். நம்பலாமா? (ஸ்ரீரங்கம் வாசகி)

கற்பூரத்தை முகர்வதால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது அம்மா. வாசனையால் மூக்கு திறந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

முக்திநாத் கோயில் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கும் மேலே இன்னும் ஆயிரம் மீட்டர். போக்ராவோ வெறும் 820 மீட்டர். காலையில் போக்ராவில் விமானம் ஏறி, 2,700 மீட்டர் உயரத்து ஜோம்சோமில் இறங்கி, உடனே ஜீப்பில் கோயிலுக்குப் போகிறவரின் உடம்பு சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் ஏறிவிடுகிறது. 2,500 மீட்டரைத் தாண்டினாலே மலை நோய் வரலாம். வயது, உடல் வலு பார்த்து வருவதில்லை. 80 வயதுக்காரர் நன்றாக இருந்திருக்கலாம், 30 வயதுக்காரர் படுத்துவிடலாம்.

எனவே எந்த ஓட்டல் என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஜோம்சோமிலோ பக்கத்து மார்ஃபாவிலோ ஒரு இரவு தங்கி, மறுநாள் காலை கோயிலுக்குப் போய், இருட்டும் முன் கீழே இறங்கிவிடும் திட்டம் நல்லது. மேலே, கோயிலுக்குச் சற்றுக் கீழே உள்ள ராணிபௌவா ஊரிலேயே தங்கும் திட்டம் உங்களுக்கு வேண்டாம்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடக்கும்போது தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கீழே இறக்க வேண்டும். சிறிய ஆக்சிஜன் கேன் சில நிமிடம்தான் வரும், இறங்குவதற்கு அது மாற்றாகாது. மலை நோயைத் தடுக்கத் தரப்படும் டயமாக்ஸ் மாத்திரையைப் பக்கத்து வீட்டார் சொன்னதற்காக வாங்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது சிக்கல் தரலாம். நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு சேருமா என்பதையும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகள் வரிசையாக விழும். பனி உருகி வரும் தண்ணீர். அதன் கீழே ஓடி நனைந்து, முன்னால் உள்ள இரண்டு குளங்களிலும் முங்கி, ஈர உடையோடு தரிசன வரிசையில் நிற்பவர்கள் பலர். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இப்படிச் செய்வது ஆபத்து. கையில் தண்ணீர் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். பெருமாள் ஏற்றுக்கொள்வார். ராணிபௌவாவிலிருந்து கோயிலுக்கு ஏற்றமும் படிகளும் உண்டு. வாடகைக்குக் குதிரை கிடைக்கும், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் போனால் பாதி விலை என்கிறார்கள். முஸ்தாங்கில் மழையே பெய்யாதாமே? (கோவை வாசகர்)

முஸ்தாங் மழை மறைவுப் பகுதி, அங்கே மழை குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே போய்ச் சேரும் சாலை மழை மறைவில் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலைச் சரிவுகள் ஊறிப் போய் நிற்கும். 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட்–முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அடுத்த மாதம் 23-ஆம் தேதி, மகாராஷ்டிரத்திலிருந்து போன யாத்ரீகர்களின் பேருந்து தனஹுன் மாவட்டத்தில் மார்ஸ்யாங்டி ஆற்றங்கரையில் கவிழ்ந்து 27 பேர் இறந்தார்கள். அந்தத் தள்ளுபடியை வாங்காதீர்கள். ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பர் பாருங்கள். எந்த மாதமானாலும், இரவுப் பயணம் கிடையாது என்று பயணத் திட்டத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எங்களிடம் 10 லட்சம் ரூபாய் மெடிக்ளைம் இருக்கிறது. பயணக் காப்பீடு தனியாக வேண்டுமா? (சென்னை வாசகி)

வேண்டும். சாதாரண மெடிக்ளைம் பொதுவாக இந்தியாவுக்குள்தான் செல்லும். விசா தேவையில்லை என்பதால் பலரும் நேபாளத்தை வெளிநாடாகவே நினைப்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் அப்படி நினைக்காது.

பாலிசி வாங்கும்போது நேபாளம் அதில் அடங்குமா, உயர வரம்பு ஏதும் உண்டா, ஹெலிகாப்டர் மீட்புக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் எதுவானாலும் விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அதையே காரணம் காட்டிக் கைவிரிப்பார்கள். பல பாலிசிகளில் பழைய நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே பணம். அந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஹெலிகாப்டர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் வரவழைப்பது, ஒரே ஹெலிகாப்டரில் பலரை ஏற்றி ஒவ்வொருவரின் காப்பீட்டிலும் முழுத் தொகை கேட்பது என்ற மோசடிகளை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணில் அழைத்து ஒப்புதல் வாங்கிய பிறகே மீட்பு ஏற்பாடு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பில் உங்கள் தலையில் விழலாம். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் கீழே இறக்குங்கள், போகிற வழியில் போன் பேசலாம்.

ஆதார் போதுமா? பணம் எப்படி எடுத்துப் போவது? (மதுரை வாசகர்)

விமானத்தில் போக, செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது அசல் வாக்காளர் அட்டை வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மட்டுமே ஆதார் ஏற்கப்படும். மேலே எழுதிய திருச்சி வாசகர் கவனிக்கவும்: அப்பாவுக்கு ஆதார் செல்லும், அம்மாவுக்குச் செல்லாது. இனிஷியல் விரிந்தும் சுருங்கியும் இருப்பது நம் ஊர்க்காரர்களின் நிரந்தரத் தொல்லை. டிக்கெட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், 1993 முதல் இதுதான் கணக்கு. 100 ரூபாய்த் தாள்களாக எடுத்துப் போனால் தகராறு இல்லை. கடையில் விலை சொன்னால் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று உடனே கேளுங்கள். அதாவது இந்தியப் பணமா, நேபாளப் பணமா. ஆயிரம் என்.சி. என்பது நமக்கு 625 ரூபாய்தான். கேட்காமல் கொடுத்தால் 375 ரூபாய் போய்விடும். காத்மாண்டு, போக்ரா கடைகளில் நேபாளத்தின் ஃபோன்பே (Fonepay, நம் ஊர் PhonePe அல்ல) நிறுவன க்யூஆர் இருந்தால் நம் யுபிஐ-யில் செலுத்தலாம், 2024 முதல் இந்த வசதி உண்டு. மேலே மலையில் அதை நம்ப வேண்டாம், ரொக்கம் வைத்திருங்கள். ஏமாற்றினாலோ மிரட்டினாலோ நேபாளச் சுற்றுலாப் போலீஸ் எண் 1144.

கோயில் வழியில் சாளக்கிராமம் விற்கிறார்கள். சக்கரம் தெரியும் கல்லுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். (கும்பகோணம் வாசகி)

இமயம் எழும்புவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவம் அது. காளி கண்டகியில் கிடைப்பது. செதுக்கியதும் ஒட்டியதும் எண்ணெய் பூசிக் கறுப்பாக்கியதும் கலந்தே விற்பனைக்கு வரும், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். பூஜைக்குத்தான் என்றால் சிறிய கல் ஒன்றைச் சிறிய விலைக்கு வாங்குங்கள். அதிக விலைக்கு வேண்டாம்.

போன வருடம் எங்கள் குழுவைப் போக்ராவோடு திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். முக்திநாத் போகாததற்குப் பணமும் தரவில்லை. நிறுவனம் இருப்பது வேறு மாநிலத்தில். என்ன செய்யலாம்? (சேலம் வாசகர்)

சேலத்திலேயே வழக்குப் போடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும்.

பயணத் திட்டம், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள், பறக்காத விமானத்தின் டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். குழுவில் வந்த மற்றவர்களிடமும் கேளுங்கள். யாராவது ஒருவரின் போனில், "நாளை மேலே போகவில்லை" என்று டூர் நடத்துபவர் அனுப்பிய செய்தி இருக்கும். அதைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு, முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் தர 15 நாள் கொடுங்கள்.