குழாய்த் தண்ணீரில் ரசாயனம்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் நாலு மாதக் குழந்தை. தண்ணீரில் நைட்ரேட் அதிகமாம். கொதிக்க வைத்தால் போய்விடுமா?

போகாது, கூடும். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் பாத்திரத்திலேயே நிற்கும். ஃபுளோரைடு, ஆர்சனிக், ஈயம் எல்லாம் அப்படித்தான். நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்பவுடர் கரைக்காதீர்கள். பிஞ்சு உடலில் அது நைட்ரைட்டாகி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். உதடு, நகம் நீலம் பாரித்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: டிடிஎஸ் மீட்டர் 90 காட்டுகிறது. தைரியமாகக் குடிக்கலாமா?

கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்குதான் அது. ஆர்சனிக்குக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் உங்கள் 90 அசையாது. நிறமோ மணமோ சுவையோ இல்லாத விஷம் அது. ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: சுத்திகரிப்பு நிலையத்தில் ஈயமே இல்லை என்கிறார்கள். எங்கள் குழாயில் மட்டும் எப்படி?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஈயம் பெரும்பாலும் வழியில் சேர்வது: பழைய ஈயக் குழாய், பற்றவைத்த இணைப்பு, பித்தளைக் குழாய்முனை. 2014-இல் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரம் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாயின் உட்படிவம் கரைந்து, வீடுகளுக்கு ஈயம் வந்தது.

ஈயம் எங்கே சேர்கிறது என்று சோதிக்க, ராத்திரி முழுக்கக் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் முதல் லிட்டரைப் பிடியுங்கள். முனையிலுள்ள சல்லடையைக் கழற்றாதீர்கள், துகள் தங்குவது அதில்தான். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு பாட்டில். முதலாவதில் மட்டும் ஈயம் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளே கோளாறு. இரண்டிலும் என்றால் தெருவிலிருந்து வரும் இணைப்பைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குளோரின்தான் பெரிய விஷம், அதிலிருந்து குளோரோஃபார்ம் உண்டாகிறது. நிறுத்தச் சொல்லுங்கள் ஐயா.

உண்டாவது உண்மை. மக்கிய இலைதழைக் கழிவோடு குளோரின் சேரும்போது வருகிறது. அதற்கு மருந்து, குளோரின் போடுமுன்பே தண்ணீரை நன்றாகத் தெளியவைத்து வடிகட்டுவது. குளோரினை நிறுத்தினால் காலராவும் டைஃபாய்டும் திரும்பி வரும்.

அவரே மறுபடி: ஓசோன் இருக்கிறதே?

நிலையத்தில் கிருமியைக் கொல்லும், குழாயில் தங்காது. விரிசல் வழியே சாக்கடை கசிந்தால் அங்கே காப்பது எஞ்சிய குளோரின்தான். தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோனும் புரோமேட் என்ற வேண்டாத பொருளை உண்டாக்கும்.

இன்னொருவர்: அப்படியானால் குளோராமின்?

குளோரினோடு அம்மோனியா சேர்ந்த கிருமிநாசினி அது. குழாயில் தங்கும். ஆனால் 2000-இல் வாஷிங்டன் நகரம் அதற்கு மாறியபின் ஈயம் ஏறியது. பழைய குழாய்கள் உள்ள ஊரில் படிவத்தைச் சோதிக்காமல் மாற்றவே கூடாது. நண்பர்களே, குளோரின் விவாதத்தை இத்தோடு விடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: டிடிஎஸ் மீட்டரில் 40தான், அப்போதும் ஆய்வகமா?

அப்போதும்தான். ஆய்வகம்.

கேள்வி: இருபது நிமிடம் கொதிக்க வைத்தால்?

இன்னும் மோசம். மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உள்ளங்கையில் தடிப்பு, மார்பில் கரும்புள்ளிகள். தண்ணீராலா?

தண்ணீரிலுள்ள ஆர்சனிக்காலும் இருக்கலாம். தோல் மருத்துவரைப் பாருங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆர்சனிக் சோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.