பாதிப் பாதி பங்கு சரிவருமா?

கேள்வி: வயது 27. கோவையில் ஐ.டி. வேலை, மாதம் 62,000 ரூபாய். கல்லூரி நண்பனும் நானும், திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து டையிங், பிரிண்டிங்குக்குப் போய்வரும் துணியின் கணக்கைப் பார்க்க ஒரு ஆப் செய்திருக்கிறோம். 6 கம்பெனிகள் இலவசமாகப் பயன்படுத்துகின்றன. பங்கு ஆளுக்குப் பாதி. நான் வேலையை விடப்போகிறேன். அவன் இப்போதைக்கு விடமாட்டான். ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: இந்த மாதம் வேண்டாம். முதலில் அந்தப் 'பாதி'யைச் சரிசெய்யுங்கள்.

நீங்கள் முழுநேரம், அவர் சாயங்காலம் மட்டும் என்றால் பாதிப் பாதி வெகுநாள் தாங்காது. விகிதத்தை மாற்றச் சங்கடமாக இருந்தால் வெஸ்டிங் போடுங்கள், அதாவது உழைக்கிற மாதங்களுக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு உறுதியாகும் ஏற்பாடு: 48 மாதம்; முதல் 12 மாதத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. மொத்தம் 10,000 பங்கு, அவருக்கு 5,000 என்று வையுங்கள். 18 மாதம் முடிந்து விலகினால் அவர் கையில் நிற்பது 1,875. மீதி 3,125-ஐ முகமதிப்புக்குத் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கும் இதே கணக்குதான். இதை முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்தால் மட்டும் போதாது. பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸில் (பதியும்போது கொடுக்கும் உள்விதிகளில்) இருந்தால்தான் செல்லும் என்று ரங்கராஜ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெடிமேட் ஆர்ட்டிகிள்ஸில் வெஸ்டிங் ஷரத்து இருக்காது. ஆடிட்டரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். வேலையின் பகுதியாக எழுதிய புரோகிராம் கோடு முதலாளிக்குச் சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வீட்டில் எழுதியது அதில் வராது என்று வாதாடலாம். ஆனால் 'பணிக்காலத்தில் எதை உருவாக்கினாலும்' என்று பல ஆர்டர்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும். ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு கமிட் (கோடு மாற்றப் பதிவு) போயிருந்தாலும், முதலீட்டாளரின் வக்கீல் அந்தப் பதிவெல்லாம் இருக்கும் கிட் லாகைக் கேட்கிற நாளில் மாட்டிக்கொள்வீர்கள். ஆட்சேபமில்லை என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கப் பாருங்கள். நண்பரின் ஆர்டரையும் பாருங்கள். வேலையில் தொடரப் போகிறவர் அவர்தானே!

6 கம்பெனி என்பது இன்னும் வியாபாரம் ஆகவில்லை. சும்மா கிடைப்பதை யார் குறை சொல்வார்கள்? ஒரு யூனிட்டில் போய் அரை நாள் நில்லுங்கள். லாட் டையிங்குக்குக் கிளம்பும்போது சூப்பர்வைசர் போனை எடுக்கிறாரா, இல்லை டிசி புக்கில் (டெலிவரி சலான் நோட்டில்) எழுதிவிட்டுச் சனிக்கிழமை மொத்தமாக ஏற்றுகிறாரா? சனிக்கிழமை ஏற்றுகிறார் என்றால், 100 கிலோ போய் 93 கிலோ வந்த தகராறில் உங்கள் ஆப் சாட்சிக்கு வராது. முதலாளியும் காசு தரமாட்டார். 3 மாதச் சந்தாவை முன்பணமாகக் கேளுங்கள்.

அந்த 6 பேரில் இரண்டு பேராவது பணம் தரச் சம்மதித்தபின் உங்கள் கம்பெனியைப் பதியுங்கள். பலர் ஆர்வத்தில் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். பதிந்தபின் பங்குப் பணத்தை வங்கியில் போட்டு 180 நாளுக்குள் ஐஎன்சி-20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். 3 ஆண்டு தொடர்ந்து விட்டுவிட்டால் டைரக்டர் பதவிக்கே 5 ஆண்டு தகுதியிழப்பு.

சம்பளம் நிற்குமுன் உங்களுக்கும் பெற்றோருக்கும் தனி மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஆபீஸ் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.