கபாயே குரலைத் தணிக்கும் இடங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓபரா பற்றிய கட்டுரையில் ஸ்பெயின் பாடகி மொன்செராத் கபாயேயை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். ‘குவீன்’ ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியோடு அவர் பாடிய ‘பார்சிலோனா’ மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்ற பதிவுகளைத் தேடிக் கேட்டேன். எல்லாமே உச்சத்தில் கத்துவதுபோலப் படுகிறது. எதைக் கேட்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

இரண்டு வரியில் கடந்தது என் தவறுதான். 1987இல் வந்த ‘பார்சிலோனா’வைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓபரா பக்கமே போகாதவர்களிடமும் அவர் குரலைக் கொண்டுசேர்த்த பாட்டு அது. ஆனால் கபாயேயைக் கேட்க வேண்டியது அவர் குரலைத் தணிக்கும் இடங்களில்.

மேடையில் பாடியே நடிக்கும் இசை நாடகமான ஓபராவில் பொதுவாக மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். ஓங்கிப் பாடினால் எப்படியோ போய்விடும். மேல்ஸ்தாயியில் நின்றுகொண்டு குரலை நூலாக இழைத்து, நடுங்காமல் அறுந்துவிடாமல் அதே தூரத்துக்கு அனுப்ப அசாத்திய மூச்சு வேண்டும். ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பார்சிலோனாவின் வறுமையில் வளர்ந்த பெண், அந்த ஊர் லிசேயு இசைப்பள்ளியில் படித்த காலத்திலேயே அந்த மூச்சைப் பழகிக்கொண்டார்.

1956இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கி, ஜெர்மனியின் பிரெமனிலும் சில வருடம் பாடினார். 1965இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இத்தாலிய இசையமைப்பாளர் தோனிசெத்தியின் ‘லுக்ரேஸியா போர்ஜியா’ ஓபரா. பாட இருந்த அமெரிக்கப் பாடகி மரிலின் ஹார்ன் கர்ப்பமாக இருந்ததால் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் கபாயே. அவருக்கு அப்போது 32 வயது. ஒரே இரவில் உலகப் புகழ்!

சரி, எதைக் கேட்கலாம்? 1974இல் பிரான்சின் ஒராஞ் ஊரில், பழைய ரோமானியத் திறந்தவெளி அரங்கில் பாடிய, இன்னொரு இத்தாலியரான பெல்லினியின் ‘நோர்மா’ ஓபரா. படமாகவே இருக்கிறது, பாருங்கள். அன்று மிஸ்ட்ரால் என்ற, தெற்குப் பிரான்சின் பலத்த வாடைக்காற்று விடாமல் அடிக்கிறது. உடையும் முக்காடும் படபடக்கின்றன. பூசாரிணி நோர்மா நிலவை வேண்டும் ‘காஸ்தா தீவா’ பாட்டு வருகிறது. காற்றோடு அவர் மல்லுக்கு நிற்கவில்லை. அவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறார். அந்தக் குரல் காற்றுக்குள்ளேயே ஏறிப் போகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970இல் பார்சிலோனாவின் லிசேயு ஓபரா அரங்கில் இதே ‘நோர்மா’வில் ஒரு சின்ன வேடத்தில் பாடிய இளைஞனின் குரல் கபாயேயின் காதில் விழுந்தது. அடுத்து ‘லுக்ரேஸியா போர்ஜியா’வில் தன்னோடு முக்கிய வேடத்தில் பாட அவனை அழைத்துக்கொண்டார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகர் ஹோசே கரேராஸ்தான் அந்த இளைஞன். 2018 அக்டோபரில், 85 வயதில், கபாயே பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

முதலில் ‘காஸ்தா தீவா’வை மட்டும் கேளுங்கள். இரவில், சத்தம் அடங்கியபின். அப்புறம் எழுதுங்கள்.